1 லட்சம் இருக்கை, சனிக்கிழமைக் கூத்து: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஸ்டேடியங்கள்

#1 புதுவரவு

உலகின் பெரிய ஸ்டேடியங்கள் பட்டியலில் அகமதாபாதும் பியாங்யாங்கும் போக, அடுத்த எட்டு இடமும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மைதானங்கள் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஆட்டம்). காசு புரளும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில்கூட மிகப் பெரியது 82,500தான். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டேட் காலேஜ் ஊரின் மொத்த ஜனத்தொகையே 40,000 சொச்சம். அங்கே 1,06,000 இருக்கை! வருஷத்துக்கு ஆறேழு ஆட்டத்துக்கு இவ்வளவு எதற்கு? கணக்கு உதைக்கவில்லையா? பெரிய ஸ்டேடியம் என்றால் சத்தமும் பெரிதா? முதல் தடவை போகிறவர் என்ன தெரிந்துவைத்திருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 நூறுயார்டு

"இருக்கை" என்ற சொல்லிலேயே பாதி ரகசியம் இருக்கிறது. நாற்காலி இல்லை, பெஞ்சு. அலுமினியப் பலகையில் ஏறக்குறைய 18 அங்குலத்துக்கு ஓர் எண் எழுதியிருக்கும், அதுதான் உங்கள் இடம். செப்டம்பரில் சமாளித்துவிடலாம். நவம்பர் குளிரில் ஆளாளுக்குக் கனத்த கோட்டு போட்டு வரும்போது 30 பேர் உட்கார வேண்டிய வரிசையில் 27 பேரோடு பலகை நிறைந்துவிடும். மிச்சம் மூன்று பேர் முழங்காலைக் குறுக்கிக்கொண்டு நிற்பார்கள். என்எஃப்எல் ஸ்டேடியங்களில் தனி நாற்காலி, கப் வைக்கும் வளையம், அகல நடைபாதை எல்லாம் உண்டு. அதே பரப்பில் இருபதாயிரம் பேர் குறைவதில் ஆச்சரியம் இல்லை.

எட்டின் வரிசை: மிச்சிகன் 1,07,601. பென் ஸ்டேட் 1,06,572 (கட்டுமானம் நடப்பதால் இப்போது சற்று மாறும்). ஓஹையோ ஸ்டேட் 1,02,780. டெக்சஸ் ஏ அண்ட் எம் 1,02,733. லூசியானாவின் எல்எஸ்யு 1,02,321. டென்னசி 1,01,915. பிறகு டெக்சஸ், அலபாமா இரண்டும் 1 லட்சத்தை ஒட்டி.

ஊரின் ஜனத்தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இது திருவிழாக் கணக்கு. மாநிலம் முழுவதிலிருந்தும் பழைய மாணவர்கள் நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள். சீசன் டிக்கெட்டில் நல்ல இடம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக நன்கொடை கொடுக்க வேண்டும். கணக்கு உதைக்காததற்கு அது ஒரு பெரிய காரணம்.

#3 வரைபடத்தாள்

மிச்சிகன் ஸ்டேடியம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1927-இல் திறந்தபோது 72,000 இடம். அதைக் கட்டவைத்த ஃபீல்டிங் யோஸ்ட், ஒருநாள் 1 லட்சத்தைத் தாண்டும் என்று அப்போதே அஸ்திவாரத்தை அதற்கேற்பப் போடச் சொன்னார். கட்டடத்தின் முக்கால் பங்கு தரைக்குக் கீழே தோண்டிய கிண்ணம். வாசலில் நுழைந்தால் ஏற வேண்டியதே இல்லை. மேல் வரிசை தரைமட்டத்தில் இருக்கும், அங்கிருந்து இறங்கிப் போக வேண்டியதுதான்.

எண்ணின் கடைசியில் இருக்கும் அந்த "01" கவனித்தீர்களா? பழைய பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லருக்கு ஒதுக்கிய ஒற்றை இருக்கை என்பார்கள். எந்த இருக்கை என்று யாரும் சொல்வதில்லை. விரிவாக்கத்தில் மொத்தம் கூடினாலும் குறைந்தாலும் கடைசி 1 மட்டும் மாறாது.

சத்தத்துக்கு வருவோம். ஆள் எண்ணிக்கை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். 50,000 பேருக்கும் 1,00,000 பேருக்கும் நடுவில் காதுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஒலி எங்கே போகிறது என்பதுதான் விஷயம். மிச்சிகன் கிண்ணம் சரிவு குறைந்தது, மேலே மூடாக்கு இல்லை. கத்தினால் சத்தம் வானத்துக்குப் போய்விடும். "லட்சம் பேர் இருந்தும் இவ்வளவு அமைதியா" என்று எதிரணி ரசிகர்கள் கிண்டல் செய்வதற்கு அதுதான் காரணம். 2010-இல் முடிந்த 226 மில்லியன் டாலர் வேலையில் இரண்டு பக்கமும் உயரமான அடுக்குக் கட்டடம் எழும்பியது. அந்தச் சுவர்கள் சத்தத்தை மைதானத்துக்கே திருப்பி அடிக்கின்றன.

மாறாக, ஓரிகனில் ஆட்ஸன் ஸ்டேடியத்தில் 54,000 இடம்தான். கேலரி செங்குத்து, கோட்டை ஒட்டியே தொடங்கும். அங்கே விளையாடப் போகும் அணிகள் அலறுவது அதன் அளவைப் பார்த்தல்ல.

#4 சந்தேகப்பிராணி

அந்த 1,07,601 சரி. ஆட்ட நாளில் அறிவிக்கிற "1,10,000 பேர் வந்தார்கள்" என்பதை அப்படியே நம்பாதீங்க. சில இடங்களில் ஆட்டக்காரர், பேண்டு, போலீஸ், பத்திரிகைக்காரர், பாப்கார்ன் விற்கிறவர் வரைக்கும் சேர்த்து எண்ணுவாங்க. பல இடங்களில் அது விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை, உள்ளே வந்த தலை இல்லை. 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பல கல்லூரிகளின் வாசல் ஸ்கேன் கணக்கை வாங்கிப் பார்த்தது. அதற்கு முந்தின சீசனில், அறிவித்த எண்ணிக்கையில் சராசரியா 71 சதவீதம்தான் ஸ்கேன் ஆகியிருந்தது.

#5 நூறுயார்டு

அது எல்லாக் கல்லூரிகளுக்குமான சராசரி, சந்தேகம் சார். பெரிய ஆட்டத்துக்குப் பொருந்தாது. 2013 செப்டம்பர் 7 இரவு, நோட்டர் டேமுக்கு எதிராக மிச்சிகனில் 1,15,109 என்று அறிவித்தார்கள். கல்லூரி ஃபுட்பால் வளாக மைதானங்களில் அதற்கு மேல் போனதில்லை. அன்றைக்கு நடைபாதைப் படியில்கூட இடம் இல்லை. தோற்கும் என்று தெரிந்த குட்டி அணி மத்தியான வெயிலில் ஆட வரும்போது பாருங்கள், நீங்கள் சொல்கிற 71 நிஜமாகத் தெரியும்.

#6 கரியடுப்பு

நான் சாப்பாட்டுப் பக்கம் வர்றேன். பிக்கப் வண்டியின் பின்கதவுதான் டெயில்கேட். அதைத் திறந்துவெச்சு, வண்டி நிறுத்துற மைதானத்திலேயே சமைச்சுச் சாப்பிடுறதுக்கும் அதுவே பேர். ஆட்டம் மூணரை மணி நேரம்னா இது அஞ்சாறு மணி நேரம்.

கரி பத்த வைக்கிறதுலதான் முக்கால்வாசிப் பேர் சொதப்புவாங்க. மண்ணெண்ணெய் மாதிரி திரவத்தை ஊத்தினா கறியெல்லாம் அந்த வாசனைதான். சிம்னின்னு ஒரு தகர உருளை விப்பாங்க. கீழே ரெண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி வை, மேலே கரிக்கட்டி நிரப்பு (பெரிய உருளைன்னா நூறு கட்டி பிடிக்கும்), தாளைப் பத்த வை. 15-20 நிமிஷத்துல மேல்கட்டி சாம்பல் பூத்துடும், அப்போ அடுப்புல கொட்டு. கரியை ஒரு பக்கமாத்தான் குவிக்கணும். மறுபக்கம் வெறுமையா இருந்தாத்தான் கொழுப்பு சொட்டித் தீ எழும்பும்போது கறியை நகர்த்த இடம் இருக்கும்.

அரைச்ச மாட்டுக்கறி உள்ளே 71 டிகிரி, கோழி 74 டிகிரி செல்சியஸ். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் இல்லாம வர வேண்டாம், நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணா ஏமாந்துடுவீங்க. சமைச்சது வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரி தாண்டினா ஒரு மணி நேரம்தான். செப்டம்பர்ல எல்எஸ்யு இருக்கிற பேட்டன் ரூஜ்ல அதுதான் வானிலை. உள்ளே போகும்போது மிச்சத்தை "வந்து சாப்பிட்டுக்கலாம்"னு மேசையில வெச்சுட்டுப் போறது ஞாயித்துக்கிழமை வயித்துல தெரியும்.

கிளம்பும்போது கரியை வண்டிக்கு அடியில, புல்லு மேல கொட்டாதீங்க. சூடான கரிக்குன்னு தனித் தொட்டி வெச்சிருப்பாங்க.

#7 புதுவரவு

பேட்டன் ரூஜில் ஜம்பலாயா என்கிறார்களே, அது நம்ம பிரியாணி மாதிரியா?

#8 கரியடுப்பு

ஒண்ணுவிட்ட சகோதரன்னு சொல்லலாம். கனத்த வார்ப்பிரும்புச் சட்டி, கீழே கேஸ் அடுப்பு. பன்றிக்கறியை முதல்ல நல்லா அடிப்பிடிக்கிற அளவுக்குச் சிவக்க விடணும், நிறம் அதுலேருந்துதான் வருது. அப்புறம் வெங்காயம், செலரி, குடமிளகாய். வெங்காயம் ரெண்டு பங்கு, மத்தது ஒவ்வொரு பங்கு. அந்த ஈரத்துல அடியில ஒட்டினதைச் சுரண்டி எடு. தண்ணி ஊத்தி, கொதி வந்ததும் நீள அரிசி, ஒரு கப்புக்கு ரெண்டு கப்பு தண்ணிக்குக் கொஞ்சம் குறைவா, ஏன்னா காயும் தண்ணி விடும். மூடி போட்டுட்டு 25 நிமிஷம் கரண்டியே போடக் கூடாது. தம் வைக்கிற சட்டம்தான். திறந்து திறந்து கிண்டினா கஞ்சி.

#9 பித்தளைக்குழல்

ஆட்டத்தையும் அடுப்பையும் விட்டால் கல்லூரி ஃபுட்பாலில் மிஞ்சுவது பேண்டு. என்எஃப்எல்லில் அது பொதுவாகக் கிடையாது. பாதியிடைவேளை இங்கே 20 நிமிடம், காரணமே பேண்டுதான்.

ஓஹையோ ஸ்டேட் பேண்டில் புல்லாங்குழலோ கிளாரினெட்டோ இல்லை, முழுக்கப் பித்தளையும் தாளமும். வடக்கு முனையின் சரிவுப் பாதை வழியாக நிமிடத்துக்கு 180 தாள வேகத்தில் இறங்கி வருவார்கள். கடைசியாக டிரம் மேஜர் (பேண்டை நடத்திச் செல்பவர்) வருவார். பின்பக்கமாக வில்லாக வளைந்து தொப்பியின் இறகு புல்லைத் தொட வேண்டும். தொட்டால்தான் கேலரி கத்தும்.

அப்புறம் "ஸ்கிரிப்ட் ஓஹையோ". முதலில் 1936 அக்டோபர் 10, பிட்ஸ்பர்க் ஆட்டத்தில். சதுரமாக நின்று சுழலும் பேண்டு ஒரு நூலிழைபோலப் பிரிந்து, டிரம் மேஜர் பின்னால் ஒற்றை வரிசையாக ஓடி, ஆங்கிலக் கூட்டெழுத்தில் மாநிலத்தின் பெயரை மைதானம் நிறைய எழுதும். கையெழுத்து தன் மேலேயே குறுக்கே போகும் இடங்களில் இரண்டு வரிசை ஒன்றை ஒன்று ஊடுருவிப் போக வேண்டும். ஒருவருக்கு அரை அடி தவறினால் பின்னால் வருகிற எல்லோருக்கும் தவறும். முதல் வருஷக்காரர்கள் இடறுவது பெரும்பாலும் அங்கேதான். முடிவில் 'ஐ' எழுத்துக்கு மேல் புள்ளி வைக்க ஒரு சூசபோன்காரர் (உடம்பைச் சுற்றி மாட்டும் பெரிய பித்தளைக் குழல் வாசிப்பவர்) பிரிந்து வருவார். டிரம் மேஜரோடு கை தட்டிக்கொண்டு, காலை உதறி எட்டி வைத்து நடந்து போய்ப் புள்ளியில் நின்று, தொப்பியைக் கழற்றி இரு பக்கமும் குனிவார். நாலாம், ஐந்தாம் வருஷ சூசபோன்காரருக்கே அந்த வாய்ப்பு. வெளியாட்களில் பாப் ஹோப், ஜாக் நிக்லஸ், ஜான் கிளென் போல வெகு சிலர்.

முதன்முதல் புள்ளி வைத்தது சூசபோன் அல்ல, கார்னெட் (டிரம்பெட் போன்ற சின்னக் குழல்) வாசித்தவர். அடுத்த வருஷம்தான் சூசபோன் வந்தது.

#10 சந்தேகப்பிராணி

1932-லேயே மிச்சிகன் பேண்டு ஓஹையோ ஸ்டேட்டோட ஊரான கொலம்பஸுக்குப் போய் ஓஹையோன்னு எழுதிக் காட்டினதைச் சொல்லாம விட்டுட்டீங்களே குழல் சார் :)

#11 பித்தளைக்குழல்

எழுதினார்கள். ஆனால் ஓடி எழுதவில்லை, புள்ளியும் வைக்க ஆள் வரவில்லை. எழுத்தை நிற்கவைப்பது வேறு, எழுதிக்காட்டுவது வேறு. இதற்கு மேல் நான் பேசினால் இழை நவம்பர் கடைசி சனிக்கிழமை (ஓஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதும் நாள்) ஆகிவிடும்.

#12 வரைபடத்தாள்

ஓஹையோ ஸ்டேடியத்தில் கட்டடக்காரர்கள் பார்க்க வேண்டியது தரைக்குக் கீழே இருக்கிறது. பக்கத்திலேயே ஒலென்டாஞ்சி ஆறு. 2001-இல் முடிந்த வேலையில் ஓட்டப்பந்தயத் தடத்தை எடுத்துவிட்டு மைதானத்தை 14 அடி 6 அங்குலம் கீழே இறக்கினார்கள். அந்த ஆழத்தில் தோண்டினால் ஊற்று பொங்கும், ஏனென்றால் நிலத்தடி நீர்மட்டத்துக்கே கீழே. அதனால் ஸ்டேடியத்தைச் சுற்றிலும் மண்ணுக்குள் ஓர் ஒழுகாத் தடுப்புச் சுவர் இறக்கிவிட்டுத்தான் தோண்டினார்கள்.

பென் ஸ்டேட் இதற்கு நேர் எதிர், அங்கே கேலரியையே தூக்கினார்கள். 1960-இல் பழைய மைதானத்தின் எஃகை எழுநூறு சொச்சம் துண்டாகக் கழற்றி, ஏறக்குறைய ஒரு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் பூட்டியதுதான் பீவர் ஸ்டேடியம். 1978-இல் கேலரியைப் பகுதி பகுதியாக வெட்டி ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து உயர்த்தி, பழைய தடம் இருந்த இடத்தில் புது வரிசைகளைச் செருகினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ராட்சத மெக்கானோ பொம்மை போல இருக்கும். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எஃகும் அலுமினியமும், காலால் உதைத்தால் பெஞ்சு முரசாகிறது. எல்லோரும் வெள்ளை போட்டு வரும் "வொயிட் அவுட்" இரவில் அந்தச் சத்தம்தான்.

#13 நூறுயார்டு

எப்போது கத்துவது என்பது புதிதாக வருபவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் அணியிடம் பந்து இருக்கும்போது வாயை மூடுங்கள். குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) சொல்வது நம் ஆட்களுக்கே கேட்காது. எதிரணியிடம் பந்து, அதுவும் மூன்றாவது டவுன் (நாலு முயற்சியில் மூன்றாவது) என்றால் தொண்டை கிழியலாம்.

2024 முதல் பயிற்சியாளர் ஓர் ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் பேசலாம். பிளே கிளாக்கில் (அடுத்து பந்தை எறிவதற்கான கெடு) 15 நொடி இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அந்தக் கடைசி 15 நொடிதான் கேலரிக்குச் சொந்தம். குரல் கேட்காதபோது தலையாட்டுக் கணக்குக்கு மாறுவார்கள். நடுவில் பந்து எறிகிற சென்டர் குனிந்து எதிரணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து கார்டு திரும்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்து, தயார் என்றதும் சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையை ஒரு முறை ஆட்டி, மனதுக்குள் ஓர் எண்ணிக்கை விட்டுப் பந்தை எறிவார். ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அரை நொடி முந்தினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு அபராதம். பிந்தினால் குவார்ட்டர்பேக் தரையில். கேலரிக்கு இரண்டில் எதுவானாலும் லாபம்.

#14 புதுவரவு

எல்எஸ்யுவில் கத்தியே நிலநடுக்கம் வந்ததாமே? ரிக்டரில் எவ்வளவு?

#15 சந்தேகப்பிராணி

நிலநடுக்கம் இல்லை, அதனால ரிக்டரும் இல்லை. 1988 அக்டோபர் 8, ஆபர்னுக்கு எதிரா. 0-6 பின்தங்கி, இரண்டு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில் நாலாவது டவுனில் டாமி ஹாட்சன் எடி ஃபுல்லருக்கு எறிஞ்ச 11 யார்டு பாஸ். டச்டவுன், 7-6. அந்த நிமிஷம் 79,000 பேர் குதிச்சது வளாகத்திலேயே இருந்த நிலவியல் துறைக் கருவியின் தாளில் கோடாக விழுந்தது, அடுத்த நாள்தான் பார்த்தாங்க. வாயால் கத்தினது இல்லை, காலால் குதிச்சது.

அதே ஸ்டேடியத்தில் 1930களில் கேலரிக்கு அடியில் மாணவர் விடுதி கட்டினாங்க. விடுதிக்குப் பணம் ஒதுக்கியிருந்தது, ஸ்டேடியத்துக்கு இல்லை. விடுதி கட்டினா அதன் கூரைமேல் கேலரி தானா வரும்! வெளிச்சுவரில் இன்னமும் ஜன்னல் வரிசை தெரியும்.

#16 வரைபடத்தாள்

குதிப்பது பற்றி: கூட்டம் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் குதித்தால் நொடிக்கு ஏறக்குறைய 2 முறை. கட்டடத்தின் இயல்பதிர்வும் அந்தப் பக்கமாக இருந்தால் அசைவு பெருகும். விஸ்கான்சினின் கேம்ப் ராண்டலில் மூன்றாம் கால்பகுதி ஆட்டம் முடிந்ததும் ஒரு ஹிப்-ஹாப் பாட்டுக்கு மொத்த ஸ்டேடியமும் குதிக்கும், 1998-இல் தொடங்கிய வழக்கம். 2003-இல் மேல்தளம் கட்டிக்கொண்டிருந்தபோது பயந்துபோய் நிறுத்தினார்கள். மாணவர்கள் ரகளை செய்ய, பொறியாளர்கள் கட்டடம் தாங்கும் என்று சொன்னபின் பாட்டு திரும்பி வந்தது.

டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டில் பக்கவாட்டு அசைவு. போர்ப்பாட்டின்போது தோளில் கை கோத்து, ஒரு வரிசை இடப்பக்கம் சாய, அடுத்த வரிசை வலப்பக்கம் சாயும். மேல்தளம் நகர்வதை உணர முடியும்.

#17 நூறுயார்டு

கைல் ஃபீல்டில் மாணவர் பகுதியில் டிக்கெட் வாங்கினால் உட்கார முடியாது. ஆட்டம் முழுக்க நிற்பார்கள், அது அவர்கள் "பன்னிரண்டாம் ஆள்" விரதம். 1922 ஜனவரி 2, டல்லஸில் சென்டர் கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் அடுத்தடுத்து அடிபட, பயிற்சியாளர் டானா பைபிள் மேலே பத்திரிகைக்காரர் பகுதியில் உதவிக்கொண்டிருந்த கிங் கில் என்ற மாணவனைக் கூப்பிட்டார். சீருடை மாட்டி ஓரத்தில் நின்றான், இறங்க வேண்டிவரவில்லை. 22-14 ஜெயித்தார்கள். இன்றைக்கும் எல்லோரும் அப்படித் தயாராக நிற்கிறார்கள்.

சியர்லீடர் இங்கே இல்லை. ஐந்து "யெல் லீடர்"கள் கையால் சைகை காட்டுவார்கள், அதை முன்வரிசை பின்வரிசைக்குக் கைமாற்றிக்கொண்டே போகும். சைகை மேல்தளம் சேர்ந்ததும் எல்லோரும் முழங்காலில் கை ஊன்றிக் குனிவார்கள். அப்போது நிமிர்ந்து நிற்பவர் புதுசு என்று அர்த்தம்.

#18 கரியடுப்பு

டென்னசிக்குப் படகுல போறதை விட்டுட்டீங்க. 1962-ல ஜார்ஜ் மூனின்னு ஒரு வானொலி வர்ணனையாளர் சாலை நெரிசலுக்குப் பயந்து ஆத்துல சின்னப் படகுல வந்தார். இப்போ "வால் நேவி"ன்னு இருநூறு படகு வரும். கரையில இடம் கொஞ்சம்தான், அதனால படகோட படகைக் கட்டி அடுக்குவாங்க. வெளிப்படகுக்காரர் அஞ்சாறு படகைத் தாண்டித்தான் கரைக்கு வரணும். இடையில மோதல் தாங்கிப் பந்து தொங்கவிடலைன்னா வர்ணம் போயிடும்.

#19 சந்தேகப்பிராணி

அந்த ஆத்துலதான் 2022 அக்டோபர் 15 கோல்போஸ்ட்டும் போச்சு. அலபாமாவை 52-49 ஜெயிச்சதும் கூட்டம் இறங்கிப் பிடுங்கித் தூக்கிட்டுப் போயிடுச்சு. 1,00,000 டாலர் அபராதம். பார்க்க வேடிக்கைதான். ஆனா விழுற கம்பம் ஆளைக் கொல்லும். 2001-இல் இந்தியானாவில் ஒரு கல்லூரி மாணவனுக்கு இதே மாதிரி முதுகெலும்பு போச்சு. இப்போ பல இடத்தில் கீல் வெச்ச கம்பம், ஆட்டம் முடிஞ்சதும் ஊழியர்களே சாய்ச்சுடுவாங்க. கூட்டம் இறங்கினா நீங்க மேலயே இருங்க.

#20 நூறுயார்டு

டிக்கெட் எடுக்கும் முன்: பல ஆட்டங்களின் நேரத்தைத் தொலைக்காட்சி 12 நாளோ 6 நாளோ முன்புதான் முடிவு செய்யும். அன்றிரவே திரும்பும் விமானம் போட்டுவிட்டு ஆட்டம் இரவு ஏழரைக்கு வந்தால் போச்சு. பை: எஸ்இசி (தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்) மைதானங்களில் 12 x 6 x 12 அங்குலத்துக்குள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை. வெளியே போனால் பெரும்பாலும் திரும்ப விடமாட்டார்கள். மின்னல் வந்தால் கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் ஆட்டம் நிற்கும், ஒவ்வொரு புது மின்னலுக்கும் கடிகாரம் முதலிலிருந்து. குளிர்கால ஆட்டத்துக்குக் காலடியில் போட ஓர் அட்டைப்பெட்டித் துண்டு. கான்கிரீட் குளிரை அது நன்றாகவே தடுக்கும்.

#21 புதுவரவு

நன்றி எல்லோருக்கும். கடைசியாக ஒன்று. பென் ஸ்டேட் "வொயிட் அவுட்"டுக்கு எல்லோரும் வெள்ளை போட வேண்டும் சரி. குளிருக்கு ஜாக்கெட் போட்டால் வெள்ளைச் சட்டை மறைந்துவிடுமே?

#22 கரியடுப்பு

சட்டையை ஜாக்கெட்டுக்கு மேல போடணும். ரெண்டு சைஸ் பெருசா வாங்குங்க, இல்லேன்னா கை நுழையாது.